மாடி அறையைத் திறந்துவிட்டேன்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம்தான், அங்கே உன் உடம்பும் மனசும் ஒழுங்காக இருக்கிறதென்று நீ எழுதினால்தான் எனக்கு நிம்மதி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. எனக்குத்தான் சில நாளாக இருப்புக் கொள்ளவில்லை, தைக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன், எங்கே போகிறேன் என்று பார்த்தால் மாடிப்படியில் நிற்கிறேன். சுற்றி வளைப்பானேன், நீயும் உன் கூட்டாளிகளும் பாடிப் பழகிய மாடி அறையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

கோபப்படாமல் மேலே படி. அன்று நம் தெருவுக்கு உங்கள் பாட்டைக் கேட்கவும் ஓவியர் வீட்டுப் படங்களைப் பார்க்கவும் கூட்டம் வந்தது, கூட்டத்தைப் பார்த்து எதிர்க் கட்டடத்துக் கண்ணாடிக்கடை மாமா வாடகையை ஏற்றினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏற்றினார்கள். ஓவியர் போனார், நாடகக்காரர்கள் போனார்கள், உன் கூட்டாளிகள் போனார்கள், அவர்கள் இல்லாமல் கடைசியில் நீயும் போனாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பளபளவென்று காப்பிக்கடைகளும் துணிக்கடைகளும் வந்தன, ஆனால் பார்க்கவும் கேட்கவும் ஒன்றுமில்லாத தெருவுக்குக் காப்பி குடிக்க மட்டும் யார் வருவார்கள், ஒவ்வொருவராக ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். தெருவே வெறிச்சோடி வாடகை விழுந்த பிறகுதான் புதுசாகச் சிலர் வர ஆரம்பித்தார்கள். மாமாவின் கட்டடத்தில் இரண்டு பெண்கள் களிமண் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடிக்கிறார்கள். அந்தப் படங்களுக்குச் சத்தம் பதிவு செய்கிறவள்தான் நம் மாடியைக் கேட்டாள், கதவு கிறீச்சிடுவதையும் மழை பெய்வதையும் பிடித்து வைத்துக்கொள்கிறாள், நான் அவளுக்குச் சத்தக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். அப்பா வேண்டவே வேண்டாம் என்றார். "அவன் வந்தா எங்க உட்காருவான்?" என்று கேட்டார். ஆனாலும் மறுநாள் நானே போய் ஜன்னல்களைத் திறந்து பெருக்கிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்திருந்த அப்பாதான் இப்போது அவளுக்கு ஒயர் இழுத்துக் கொடுக்கிறார்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. போன வாரம் மாமா தன் வீட்டுக்காரிக்கு ரவிக்கை தைக்கத் துணி கொடுக்க வந்தவர், பொம்மைப் படத்தைப் பார்க்க ஜனம் வர ஆரம்பித்துவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து வாடகையை ஏற்றப்போகிறேன் என்றார். எனக்குச் சுரீரென்றது. "போன தடவையும் இப்படித்தான் ஏத்துனீங்க, அப்புறம் வருஷக்கணக்கா பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. என் பிள்ளை போனது போதும், இவங்களை விரட்டினா என் தையல் கூடத்துலயே இடம் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டேன். மாமா துணியைக்கூடக் கொடுக்காமல் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் துணியோடு வந்து, இந்த வருஷம் ஏற்றவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முணுமுணுத்தார். அந்தப் பார்க்கலாம் என்ற வார்த்தையை நம்பி நான் உட்கார்ந்திருக்கப்போவதில்லை. பொம்மைக்காரிகளையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு கட்டடக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசப்போகிறேன், அப்பா என்னைக் கட்சி ஆரம்பிக்கச் சொல்லிக் கேலி செய்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, கண் எரிகிறது என்றாயே, தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டு. போன இடத்தில் நாலு பேர் உன்னைத் தேடி வரும்படி நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும். லீவு கிடைத்தால் வா. மாடிக்குப் போகும்போது மட்டும் கதவைத் தட்டிவிட்டு நுழை, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

உன் வரவை நினைத்துக்கொண்டே,
அம்மா