தராசை லைவில் காட்டினால்

6 ஒக்டோபர் 2008, திங்கள்

காலையிலிருந்தே தூறல். ஆபீஸ் கூரை மறுபடி ஒழுகுது. சேர்வருக்கு மேலே சிவப்பு வாளி. கதவில் மட்டும் பெரிய பலகை, கண்டியின் முன்னணி மென்பொருள் கொம்பனியாம்.

செய்ய:
– தராசு, கடைசிச் சோதனை
– முதலாளி வி. சேரிடம் விழாவை லைவா காட்டுவது பற்றி மறுபடி பேச (நாலாவது தடவை)
– சவர்க்காரம், போன் ரீலோட்

தராசைப் பற்றி ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது வேறு கதை சொன்னால் இருக்கட்டும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற எலெக்ட்ரோனிக் தராசு. சாக்கை வைத்ததும் எடை போன் நெட்வேர்க்கில் நம்ம சேர்வருக்கு வரும். அங்கிருந்து எந்த ஊர் ஸ்க்ரீனிலும் காட்டலாம். எட்டு மாதம். மென்பொருள் முழுதும் நான், தனியாக.

16ம் திகதி கொழும்பு ஹோட்டலில் அறிமுக விழா. நான் போகல. "நீ வந்தா வேன் நிக்கும். போன தடவை மூணு மணித்தியாலம் ரோட்டில" என்றார் வி. சேர், சிங்களத்தில். கோபமில்லாமல், மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பொய்யில்லை. செக்பொயின்ட்டில் ஆமிக்காரர் என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு வேனையே கழற்றாத குறை.

அப்படியென்றால் நெட்டில் லைவா போடுங்க, நான் இங்கிருந்தாவது பார்க்கிறேன் என்றேன். "ரெக்கோர்ட் பண்ணி, நல்லா வெட்டி, அடுத்த நாள் போடுவோம். லைவ்ல பிழைச்சா என்ன செய்வ?" பிழைக்கிற சாமானை விற்கக் கூடாது என்றேன். முகம் சுருங்கியது. நான்காவது தடவையும் முடிந்தது.

கடிதம் 31 வரைக்கும் செல்லும். மாதா மாதம் வி. சேர் கையெழுத்துப் போட்ட கொம்பனிக் கடிதம்: இவர் எங்கள் ஊழியர், அம்பிட்டியவில் தங்கியிருக்கிறார், நாங்கள் பொறுப்பு. அது இல்லாமல் போர்டிங்கில் இருக்க முடியாது, ரோட்டில் நடக்க முடியாது. போன மாதம் ரெண்டு நாள் பிந்தித் தந்தார். அந்த ரெண்டு நாளும் படி இறங்கல. அறையிலேயே பாணும் சம்பலும் சாப்பாடு.

8 ஒக்., புதன்

மத்தியானம் வெயில், நாலு மணிக்கு மழை. நிஸார் நானாவின் நெட் கஃபே. லைவ் ஓட்டம் எப்படி வருதென்று சோதனை. நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று யோசிக்குது.

நானா பின்னால் நின்று பார்த்தார். "என்னத்துக்கு தம்பி லைவ்? கிரிக்கெட்ட லைவா பாக்குறது யாரு வெல்லுறதுன்னு தெரியாததால. ஒரு சாமான் விக்கிறத லைவா பாக்க என்ன ஈக்கிது?"

"வெட்ட ஏலாது நானா. நடந்தது நடந்த மாதிரியே போகும்."

"சரி. உங்கட தராசுல தோக்குறது யாரு? அதச் சொல்லுங்க, நானும் வந்து பாக்குறேன்."

தேத்தண்ணி குடித்தேன்.

10 ஒக்., வெள்ளி

இன்றைக்கு நடந்ததை மறைக்காமல் எழுதணும்.

ஸ்க்ரீனில் மூன்று வரி வைத்திருந்தேன்: மொத்தம், கழிவு, மீதி. வி. சேர் பார்த்தார். "ஒரு வரி போதும். மீதி மட்டும்." ஏன்? "வாங்கப் போற தோட்டக் கொம்பனிகள் அப்படித்தான் கேக்கிறாங்க."

கழிவு என்றால், ஒவ்வொரு நிறுவைக்கும் ரெண்டு கிலோ. சாக்குக்கும் தண்ணிக்குமாம். மழை பெய்தாலும் ரெண்டு, காய்ந்தாலும் ரெண்டு. தங்கச்சி செல்வி மடுல்கெல்லையில் கொழுந்து எடுக்கிறாள். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. அவள் எடுத்து அவள் கணக்கில் ஏறாத கொழுந்து ஆறு கிலோ. அதை எழுதிக் காட்டத்தான் ரெண்டாவது வரியே.

ஏலாது என்றேன். அவர் கதிரையைப் பின்னால் சாய்த்தார். "ஒரு வரி வை. நான் லைவ் தாறேன்."

மாற்றினேன். இருபது நிமிஷம். கழித்தல் உள்ளேயே நடக்கும், வெளியே தெரியாது. எட்டு மாத வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிற ஆசை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

16 ஒக்., வியாழன்

ஆபீஸ் லைனில் வீடியோ பார்த்தால் தராசின் எண் வந்து சேராது, லைன் தாங்காது. அதனால் நானா கடை. ஒரு ஜன்னலில் லைவ், ஒரு ஜன்னலில் சேர்வர் பதிவு. லைவ் என்று பெயர்தான். படம் நாற்பது செக்கன் பிந்தி வருது. பதிவில் எண் உடனே விழும்.

பார்ப்பவர்கள் 37 பேர். அதில் ஒன்று நான்.

வி. சேர் கோட் போட்டிருந்தார். நன்றாகத்தான் பேசினார். "இனிமேல் தோட்டத்தில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது." நானா என் தோளைத் தட்டினார்.

பிறகு சேலை கட்டிய அறிவிப்பாளர் பிள்ளை ஒரு கூடையைக் கொண்டு வந்தாள். பிரம்புக் கூடை, பூ விற்கிற அளவு. மேலே நாலு கை கொழுந்து. இவர்கள் யாரும் வாழ்க்கையில் கொழுந்து நிறுத்ததில்லை. நான் சோதித்ததெல்லாம் இருபது கிலோ மணல் மூட்டை.

அவள் இன்னும் தராசுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். பதிவில் எண் விழுந்துவிட்டது.

–0.60

ஒன்று தசம் நாலு கிலோ. கழிவு ரெண்டு. பூச்சியத்துக்குக் கீழே போனால் நிறுத்து என்று நான் எழுதல. யாருக்குத் தோன்றும், ரெண்டு கிலோவுக்குக் குறைந்து யார் கொழுந்து கொண்டு வருவார்?

"என்ன தம்பி, மூஞ்சி வெளிறிப் போச்சு?"

"நடந்து முடிஞ்சுது நானா. இங்க இன்னும் வரல."

கொழும்பில் முடிந்த காரியம். கண்டியில் அந்தப் பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டு நடக்கிறாள். கூப்பிட்டுச் சொல்ல முடியாது, தடுக்க முடியாது. பூட்டின அறையின் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. கூடையை வைத்தாள். பின்னால் சுவரளவு ஸ்க்ரீன். சைபர் தசம் ஆறு, முன்னால் கழித்தல் கோடு.

பிறகு மண்டபத்தில் ஒரு ஆள், ஆங்கிலத்தில்: "அப்ப அந்தப் பொம்பிள நமக்கு அறுநூறு கிராம் கொண்டு வந்து தரணும்." எல்லோரும் சிரிப்பு. அங்கேயே லைவ் நின்றது. வயரைப் பிடுங்கியிருப்பார்கள்.

நானாவும் சிரித்தார், பிறகு நிறுத்திவிட்டார். "அந்த மைனஸ் எங்கால வந்தது தம்பி?"

சொன்னேன். முழுதும், பத்தாம் திகதி செய்ததையும் சேர்த்து. காசு வாங்க மாட்டேன் என்றார். எனக்கு அது ஏச்சு மாதிரி இருந்தது.

17 ஒக்., வெள்ளி

செல்விக்குப் போன் எடுத்தேன். மைனஸ் வந்தது என்றேன். அவள் அதிர்ச்சியடையல.

"எடுத்ததுக்குக் குறைவாதானே எப்பவும் வருது. உங்க மெஷினு இப்பதான் கண்டுபுடிச்சுதா?"

"நான்தான் புள்ள அந்த வரியை எடுத்தேன்."

அந்தப் பக்கம், பின்னால் குழாயடியில் யாரோ சண்டை. "ஏன்ணே?" என்றாள். சிக்னல் போய்விட்டது என்று சொல்லிவிட்டு நானே வைத்தேன்.

20 ஒக்., திங்கள்

வி. சேர் திரும்பி வந்தார். திட்டல. அது இன்னும் மோசம்.

"பூச்சியத்துக்குக் கீழ போகாம செய்." ஒரு வரி வேலை, அவர் முன்னாலேயே செய்தேன். கழிவைப் பற்றி மண்டபத்தில் யாருமே கேட்கலயாம். மைனஸ்தான் வெட்கம்.

"இனி லைவ் கிடையாது. இங்கயே ஒரு வீடியோ எடுப்போம், பெரிய சாக்கு வச்சு. உன்ட தங்கச்சி கொழுந்துக்காரிதானே? கூட்டி வா. நிஜ ஆள் நல்லது." மேசையில் அடுத்த மாதக் கடிதம், அச்சடித்து, கையெழுத்து மட்டும் இல்லாமல். கையால் நேராக்கினார். "வீடியோ முடியட்டும். இதையும் முடிப்போம்."

மிரட்டல் என்று சொல்ல முடியாது. ஒரு சொல்லும் பிழையில்லை.

போர்டிங்குக்கு நடந்து வந்தேன். ரெண்டு இடத்தில் கடிதம் காட்டினேன். ரெண்டாவது ஆமிக்காரன் தலைகீழாகப் பிடித்து வாசித்தான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் செல்விக்கு எடுத்தேன். நான் முடிக்க முதலே, "வர்றேன்ணே. சனிக்கிழமை அரைநாள்தான்" என்றாள்.

25 ஒக்., சனி

வெயில். ஆபீஸ் பின்முற்றம். கேமராக்காரன், வி. சேர், நான், தராசு, வேனில் வந்த ஒரு சாக்குக் கொழுந்து.

செல்வி பத்து மணி பஸ்ஸில் வந்தாள், தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையில். வி. சேர் தலையில் கை வைத்தார். வேலைக்குப் போகிற உடுப்பு எங்கே என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"படம் புடிக்கக் கூப்பிட்டுட்டு இடுப்புல படங்குச் சாக்கைக் கட்டி நிக்கச் சொல்றாரா? அவரு கோட்டோட நிக்கல?"

நீலச் சேலையே இருக்கட்டும் என்று மொழிபெயர்த்தேன்.

சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். "இருபது இருக்கும்." வைத்தாள். ஸ்க்ரீனில் 18.20.

கேமராவைப் பார்க்கல, என்னைப் பார்த்தாள். "ரெண்டு கிலோ எங்கண்ணே?"

வெட்டு. பேசாமல் சிரிக்கச் சொல்லு என்றார் வி. சேர். சொன்னேன். தலையாட்டினாள். வைத்தாள். 18.20. "ரெண்டு கிலோ எங்க?" மூன்றாவது தடவையும். கோபமில்லை, கடையில் மிச்சக் காசு கேட்கிற குரல்.

"என்ன சொல்றா?" வி. சேர் என்னைக் கேட்டார்.

இந்த இடத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வெயில் சுடுது, தாகமாம், ஏதாவது. ரெண்டு கிலோ எங்கே என்று கேட்கிறாள் என்றேன். கேமராக்காரனும் சிங்களம்தான். அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தான்.

"சாக்கும் தண்ணியும்னு சொல்லு."

சொன்னேன். செல்வி சாக்கை இறக்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவளே தராசில் ஏறினாள். 44.10.

"போன கிழமை ஆஸ்பத்திரியில நிறுத்தாங்க. நாப்பத்தாறு. சாக்கில்ல, தண்ணியுமில்ல. என்னை எதுக்குக் கழிக்குது?"

மொழிபெயர்த்தேன். கேமராக்காரன் சிரித்துவிட்டான். அவளும். வி. சேர் நிறுத்துன்னு சொல்லும் வரை கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "உங்களுக்குக் கரைச்சலாகிருச்சா?" என்றாள். இல்லை என்றேன். "பொய்" என்றாள். பஸ் எடுத்துவிட்டது.

27 ஒக்., திங்கள். தீபாவளி

எல்லோருக்கும் லீவு. எனக்கு வீடியோ வெட்டு. வி. சேர் சொன்னது: பேச்செல்லாம் எடு, சாக்கு வைக்கிறதும் அவ சிரிக்கிறதும் போதும். ரெண்டு நிமிஷம்.

சிரிப்பு ஒரே ஒரு இடத்தில்தான். தராசில் நிற்கும்போது. அதை வெட்டி எடுத்து 18.20க்குப் பக்கத்தில் ஒட்டினேன். சந்தேகமே வராது. கழிவு பிடிக்கப்பட்ட பொம்பிளை சந்தோஷமாகச் சிரிக்கிறாள். வெட்டின வீடியோவும் ஒரு வரி ஸ்க்ரீன்தான், மீதியை மட்டும் காட்டும்.

ரெண்டு தடவை பார்த்தேன். அழித்தேன்.

லைவ் எல்லோரும் செய்யணுமா, தெரியாது. விற்கிறவன் வெட்டலாம் என்றால் எதை வெட்டுவான் என்பது மட்டும் இப்போது தெரியும், வெட்டுகிற கை என்னுடையது என்பதால்.

நானா கடை திறந்திருந்தது. "வீட்டுக்குப் போகல்லயா, பெருநாளுக்கு?" இனிப்புக்கு வட்டிலப்பம் தந்தார்.

31 ஒக்., வெள்ளி

காலை மழை. உடுப்பு ரெண்டு, சேர்டிபிகேட், இதை எழுதுற கொப்பி: பையில். போர்டிங் அக்காவுக்கு அறைச் சாவி.

நாலு மணி, வி. சேர் அறை.

"வீடியோ ரெடியா?"

"ரெடி."

"எத்தனை நிமிஷம்?"

"பதினொன்று. எடுத்தது முழுதும் இருக்கு."

"பேச்சு?"

"இருக்கு. மூணு வரியையும் தராசில திரும்பப் போட்டிருக்கேன். வேணும்னா பேச்சையும் வரியையும் வேற ஆளை வச்சு எடுங்க. நான் எடுக்க மாட்டேன்."

"நீ கெட்டிக்காரன்" என்றார். "கண்டியில உனக்கு யாரு இருக்கா?" உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். கடிதத்தை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். திறப்பைச் சட்டைப்பையில் போட்டார்.

ஐந்தேகால் மடுல்கெல்லை பஸ், செல்வியிடம். பழைய கடிதம் இன்றைக்கு இரவு வரை செல்லும். கணக்குச் சரி.

வழியில் வத்தேகம தாண்டல. பஸ் நிற்குது. முன்னால் நாலு வண்டி. இந்தப் பாதையில் இந்த நேரத்தில் செக்பொயின்ட் இருக்கிறதில்லை.

பக்கத்துச் சீட் பெரியம்மா: "பேனையை உள்ள வைங்க தம்பி. எழுதுறதக் கண்டா அதுக்கும் கேப்பாங்க."

ஆமிக்காரன் ஏறுகிறான். தமிழ் ஆட்கள் மட்டும் இறங்கணுமாம். பைகளோடு.