போத்தல் முனையில் கை படக்கூடாது

ஜூலை 14, திங்கள்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து புழுதி. கல்லடிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன். அப்படியும் கண்ணில் போட்ட லென்சுக்குள் ஒரு துகள் போய், அலுவலகம் வரை ஒற்றைக் கண்ணால் அழுகை.

லென்ஸ் கழுவும் சொலுஷன் போத்தலில் ஒரு விரல் அளவுதான் மிச்சம். இங்கே கிடைக்காது, கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். புதன்கிழமை பரீட்சை. ஆறு வருடமாகத் தற்காலிகப் படவரைஞர், தேறினால் நிரந்தரம். வட்டை ஒன்றின் வயல், வாய்க்கால் எல்லாம் வரைபடமாக மையில் கீற வேண்டும். எனக்கு இடது கண் பிறவியிலேயே மந்தம். வலதில் கருவிழி கூம்பிவிட்டது, கண்ணாடி உதவாது. லென்ஸ் இல்லாவிட்டால் ஒரு கோடு மூன்றாகத் தெரியும்.

கொழும்பு டொக்டர் சொன்னவை, மறுபடியும்:
– கைக்குச் சவர்க்காரம். துவாயில் துடைக்காதே, நூல் ஒட்டும்.
– தண்ணீர் கூடாது. எச்சில் கூடவே கூடாது.
– லென்ஸ் டப்பியில் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது விடு.
– போத்தல் முனையில் எதுவும் படக்கூடாது. இமைகூட.
– போத்தல் எப்போதும் பையில்.

இன்றைக்கு மூன்றாவதை மீறினேன். பழையதன் மேல் நாலு சொட்டு. வெட்கம்தான், என்ன செய்ய.

அம்மா நண்டு கழுவிக்கொண்டே: "கிணத்துத் தண்ணி வயித்துக்கு ஒத்துவருது, கண்ணுக்கு மட்டும் என்ன வந்த? இல்லாட்டி இளநீர் வெட்டித் தாறன். அதவிடச் சுத்தம் என்ன கிடக்கு?" டப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பதில் சொன்னால் சண்டை.

ஜூலை 15, செவ்வாய்

போத்தல் வந்துவிட்டது! பக்கத்து மேசை பரீதா காத்தான்குடியிலிருந்து கொண்டுவந்தாள். அவளுடைய அண்ணன் கடைச் சாமான் எடுக்கக் கொழும்பு போனவர். "நானா ராவு வந்தாரு புள்ள. இந்தாங்க ஒங்கட கண்ணுத் தண்ணி. பத்திரம், அந்தக் கடையில கடைசிப் போத்தலாம்." கட்டிப்பிடிக்காத குறை.

மாலை பாலத்துச் சென்றியில் சோதனை. புது ஆமிக்காரன், மீசை இப்போதுதான் அரும்பியிருக்கிறது. பையைக் கிளறிப் போத்தலை எடுத்தான். "மேக்க மொகத்த?" என்ன இது என்று கேட்டது விளங்கியது. கண்ணைத் தொட்டு, கண்ணுக்குத் தெரிந்த சிங்களச் சொல்லில் "எஸ், எஸ்" என்றேன். நம்பவில்லை. மூடியைத் திருகி, விரலை முனைக்குக் கொண்டுபோனான். யோசிக்காமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஆமிக்காரனுடைய கையை! பின்னால் வரிசையே மூச்சுவிடவில்லை. ஒரு கிழவர் மட்டும், "விடுகா மகள், விடு" என்றார்.

விட்டேன். முனையைக் காட்டி, விரலைக் காட்டி, கூடாது என்று தலையாட்டினேன். அவன் என் வாயைக் காட்டினான், குடித்துக் காட்டு என்று. உள்ளங்கையில் விட்டு, முனை படாமல் நக்கிக் குடித்தேன். கரித்தது. அவன் சிரித்தான். வரிசையிலும் யாரோ சிரித்தார்கள், அதுதான் தாங்கவில்லை.

வீடு வந்து மூன்று முறை வாய் கொப்பளித்தேன். போத்தல் சுத்தம். அது போதும்.

ஜூலை 16, புதன்

காற்று இன்னும் மோசம். ஏழு மணிக்கே பாலம். அதே ஆமிக்காரன். இடது கண் செக்கச் சிவந்து, இமை வீங்கி, கசக்கிக் கசக்கி நின்றான். பையைத் திறக்கக்கூட இல்லை. என்னைக் கண்டதும் கண்ணைக் காட்டி, கையால் சொட்டு விடுவதுபோல் காட்டினான். "அக்கா, பெஹெத்?" மருந்து கேட்கிறான்.

"இவரய்" என்றேன். முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் அது ஒன்று. போத்தல் பைக்குள், முக்கால்வாசிக்கு மேல்.

"ஹா ஹா", சரி சரி என்று தலையாட்டிப் போகவிட்டான்.

பரீட்சை நன்றாகச் செய்தேன். கோடெல்லாம் மயிரிழை.

ஜூலை 17, வியாழன்

சென்றியில் வேறு ஆள். அவனைக் காணவில்லை. அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு தரம் மையைக் கொட்டினேன்.

பரீதாவிடம் சொன்னேன். "ஒங்களக் குடிக்க வெச்சவன்தானே? விடுங்க புள்ள." அவள் சொன்னது சரிதான். முனை பட்டால் போத்தல் கெடும், அடுத்தது எப்போது வருமோ, எல்லாம் சரிதான். ஆனால் அவனிடம் பொய் சொன்னபோது நான் இதையெல்லாம் நினைக்கவில்லை. எரியட்டும் என்றுதான் நினைத்தேன்.

எட்டத்தில் பிடித்து நாலு சொட்டு விட்டிருக்கலாம். பட்டிருக்காது.

வாங்க: சவர்க்காரம், தீப்பெட்டி, அம்மாவுக்குச் செருப்பு வார்.

ஜூலை 18, வெள்ளி

காற்று கொஞ்சம் தணிவு. பாலத்தில் அவன். இடது கண்ணில் பஞ்சு வைத்து மேலே பிளாஸ்டர். திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன், பின்னால் வரிசை.

பையைத் திறக்கச் சொன்னான். போத்தலை எடுத்தான். ஒற்றைக் கண்ணால் வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு இருக்கிறதென்று பார்த்தான். என்னைப் பார்த்தான்.

மூடி சரியாக இறுகாமல் இருந்தது. விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, முனையில் கை படாமல் மெதுவாக இறுக்கினான். திரும்பப் பைக்குள் வைத்தான். "போங்க, அக்கா" என்றான், தமிழில்.

போனேன்.