பிள்ளையார் பில்

12 ஜனவரி 1999, செவ்வாய்

இன்று வின்சி வேலைக்குச் சேர்ந்தாள். மதுரையில் கம்ப்யூட்டர் படித்தவள், வயது இருபத்து மூன்று. முதலாளி சேதுபதி அவளைக் கம்ப்யூட்டர் ரூமுக்கு அழைத்து வந்து, "சந்திரா, இனி ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க" என்றார். சேர்ந்து என்றால்? இந்தப் பம்புசெட் கடையில் பில் போடும் புரோகிராமை எழுதியது நான். ஆறு வருடமாக அதற்குக் காய்ச்சல் வந்தாலும் நான்தான், கழுத்தறுத்தாலும் நான்தான். வந்தவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீக அக்கா" என்கிறாள். எனக்கு மார்க் போட இவள் யார்?

19 ஜனவரி

அவளை எதற்கு எடுத்தார் என்று இன்று தெரிந்தது. கடையில் இருப்பது என் புரோகிராம். அரியக்குடி ரோட்டுக் குடோனில் இருப்பது பம்பு கம்பெனி கொடுத்த ஸ்டாக் புரோகிராம். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. தினம் சாயங்காலம் குடோனிலிருந்து ஃப்ளாப்பி வரும், நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றுவேன். இனிமேல் மோடம் வைத்து, டெலிபோன் வழியாக இரண்டும் தாமாகவே பேசிக்கொள்ளுமாம். இங்கே பில் போட்டால் அங்கே ஸ்டாக் குறையும், சரக்கைக் கொடு என்று உத்தரவும் போய்விடும்.

தேவகோட்டையில் கிளை திறந்ததும் அதையும் இணைத்து, மூன்றுக்கும் ஒரே ஆளைப் பொறுப்பாகப் போடப் போகிறாராம். தீபாவளிக்குக் கிளைப் பேச்சு வந்ததிலிருந்தே அந்த ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2 பிப்ரவரி

மோடம் கத்துகிறது. கடையே வந்து வேடிக்கை பார்க்கிறது. நான் ராப்பகலாக எழுதினபோது ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

11 பிப்ரவரி

முதலாளி இன்று அவளுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். என்னைப் பார்த்து "உனக்கும் வேணுமா" என்று கேட்டார். உனக்கும்!

அற்பம்தான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வயிறு எரிகிறதே, என்ன செய்ய?

5 மார்ச்

சாப்பிடும்போது வின்சி பேச்சை எடுத்தேன் போல. என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "கல்யாணமான புதுசுல என்னையப் பத்திக்கூட நீ இம்புட்டுப் பேசலையே" என்கிறார். எழுந்து கை கழுவிவிட்டேன்.

27 மார்ச்

போன மாதத்துப் பில்களை வைத்துச் சோதனை. எல்லாம் ஒழுங்காகக் குடோனில் போய் விழுந்தன. ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று அவள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாள்: பில்கள் நம்பர் வரிசையில்தான் போகும், முன்னதைக் குடோன் ஏற்றுக்கொண்டால்தான் அடுத்தது கிளம்பும். நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் எரிச்சல்.

சித்திரை ஒன்றாம் தேதி நல்ல நாள், அன்றைக்கே தொடங்கிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

8 ஏப்ரல்

வின்சி வந்து கேட்டாள். "அக்கா, வழக்கமான பில் இல்லாம வேற மாதிரி எதுவும் போடுவீகளா?"

இல்லை என்றேன்.

இருக்கிறது. சித்திரை ஒன்று எங்களுக்குப் புதுக்கணக்கு. பில் நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த முதல் பில் பிள்ளையார் பேரில். சரக்கு: மஞ்சள், குங்குமம். விலை ஒண்ணேகால் ரூபாய். அதை அடித்து சாமி படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் மனுஷர்களுக்கு வியாபாரம். குடோன் புரோகிராமில் மோட்டார் உண்டு, பைப் உண்டு. மஞ்சளும் குங்குமமும் ஏது? அந்தப் பில்லை அது ஏற்காது. பின்னால் வருவதெல்லாம் நிற்கும்.

கொஞ்ச நேரம் நிற்கட்டுமே. எல்லோரும் பார்க்கட்டுமே. அப்புறம் நான் போய்ச் சரி செய்கிறேன்.

13 ஏப்ரல்

நாளைக்குக் கட்டப்போகும் புதுப் புடவையை வின்சி எனக்குக் காட்டினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கலர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

14 ஏப்ரல், புதன்

நின்றது. நான் நினைத்ததைவிட மோசமாக.

பிள்ளையார் பில்லைக் குடோன் திருப்பியடிக்க, இங்கிருந்து அது மறுபடி மறுபடி போக, டெலிபோன் லைனையே பிடித்துக்கொண்டது. கடையில் நல்ல நாள் கூட்டம். எல்லாம் போய்ச் சேர்கிறது என்று நினைத்துக் கவுண்டரில் இருப்பவர்கள் பில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் பேசாமல் இருந்தேன். பணம் கட்டியவர்கள் குடோன் வாசலில் வண்டியோடு வெயிலில் நின்றிருக்கிறார்கள். உத்தரவு வராமல் சரக்கைக் கொடுக்கக் கூடாது. போன் செய்தாலும் லைன் கிடைக்கவில்லை. கடைசியில் குடோன் பார்க்கும் சின்னக்கருப்பன் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் வந்து சத்தம் போட்டார். கொத்தமங்கலத்துக்காரர் ஒருவர் மோட்டாரே வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. வருஷத்தின் முதல் வியாபாரம் திரும்பிப் போவது இந்த ஊரில் லேசான விஷயமில்லை. அந்த முதல் பில்லை மட்டும் எடுத்துவிடலாமா என்று வின்சி கேட்டதும் இன்னும் கொதித்தார். புதுப் புடவையோடு நின்றாள். இதுதானே நான் ஆசைப்பட்டது?

ஆட்டோ பிடித்துக் குடோனுக்குப் போனேன். அங்குள்ள சரக்குகளோடு மஞ்சள் குங்குமத்தையும் ஒரு சரக்காகச் சேர்த்து, ஸ்டாக் ஒன்று என்று வைத்தேன். பிள்ளையார் உள்ளே போனார். பின்னால் நின்றதெல்லாம் மடமடவென்று வந்து விழுந்தன.

திரும்பி வந்தபோது பாராட்டு இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. முதலாளி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "வருசா வருசம் அந்தப் பில்லை நீதானம்மா அடிக்கிறே. அந்தப் பிள்ளை உன்கிட்ட கேக்கலையா?"

"கேட்டுச்சு முதலாளி."

போகலாம் என்று கையைக் காட்டினார்.

15 ஏப்ரல்

வின்சி என்னிடம் பேசவில்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

3 மே, திங்கள்

மூன்றுக்கும் பொறுப்பு வின்சிதான். மற்றவர்களுக்குச் சொல்லும் முன் முதலாளி என்னிடம் சொன்னார், அந்த மரியாதையாவது மிச்சம். "உனக்கு வேலை தெரியாதுன்னு இல்லை சந்திரா. தெரிஞ்சதை மறைக்கிற ஆளை வச்சு நான் மூணு எடத்தை எப்படி ஓட்ட?"

வீட்டுக்கு வந்து அழுதேன். எம் புரோகிராமு அது. நான் பெத்தது. அவ வந்து நாலு மாசம் ஆகலையே — எல்லாத்தையும் அள்ளிக்கிட்டாளே — ஆமா, பொய் சொன்னது நான்தான். அதுவும் தெரியுது. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் அழுகை.

14 ஜூன்

தேவகோட்டைக்கு மோடம் வந்துவிட்டது. வின்சி தனியாக உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நம் கடைச் சரக்கு வெளியே போகாது, அதற்கு மேல் போடும் பில்லை என் புரோகிராம் மறுநாள் தேதிக்குத் தள்ளிவிடும், தேவகோட்டையிலும் அப்படியே செய்யாவிட்டால் இரண்டு கணக்கும் ஒட்டாது என்று சொன்னேன்.

திரும்பி என்னையே பார்த்தாள். "இதை நான் கேக்கவே இல்லையேக்கா."

"இன்னும் மூணு இருக்கு. குறிச்சுக்க."

நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டாள். கீபோர்டில் அவள் விரல் ஓடும் வேகம் எனக்கு வராது. வயிறு எரியத்தான் செய்தது. மூன்றாவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.