விளிம்பில் பொறித்த பெயர்

என் அன்புள்ள அக்கா,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் உங்களுக்கு அந்த இருமல் இல்லை என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே பாலையூற்றில் நாங்கள் இருக்கிறோம். சுகமாக என்று எழுதக் கை வரவில்லை. வாசலோடு போகும் ஒழுங்கைக்குள் ஜீப் சத்தம் கேட்டால் உங்கள் தம்பி பெண்சாதி மங்களம் அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நிற்கிறாள். அடுப்பை ஏன் அணைக்கிறாய் என்று நானும் கேட்பதில்லை. நான் அந்த நேரம் என்ன செய்கிறேன் என்று அவளும் கேட்பதில்லை.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் துறைமுகத்தடித் தையற்கடையில் கடற்படைக்காரரின் உடுப்புகளுக்கு நெஞ்சுப்பட்டி, பதக்கம் தொங்குகிற அந்த நிறநாடா, தைத்தவர். இங்கிலீசுக்காரர் தளத்தை விட்டுக் கப்பலேறிய பிறகு, அவர்கள் தொலைத்ததும் விற்றதும் பழைய பித்தளைக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. நீங்கள் தோணியேறிக் கிண்ணியாவுக்குப் போய், காசிம் நானாவின் கடையில் குந்தியிருந்து, கதவுப் பூட்டும் பிணைச்சலும் கிடந்த குவியலுக்குள் பதக்கம் தேடினீர்கள். கலியாணவீட்டுக்கு உடுத்திக்கொண்டு புறப்பட்ட நாளில்கூட அங்கே போய்விட்டுக் கறுத்த கையோடு வந்தீர்கள்.

பட்டியின் நிறத்தைப் பார்த்து எந்தப் போர் என்று சொல்வீர்கள். பதக்கத்திலுள்ள அரசி இளமையாக இருக்கிறாளா, முக்காடு போட்டிருக்கிறாளா என்று பார்த்துக் காலத்தைச் சொல்வீர்கள். ஆனால் பட்டியை மாற்றிக் கட்டலாம், முகத்தை வார்த்தும் எடுக்கலாம், விளிம்பைப் பார் என்பீர்கள். விளிம்பில்தான் பதக்கம் வாங்கிய மனிதனின் எண்ணும் பெயரும் இருக்கும். போலியில் அந்த எழுத்துகள் சோற்றுப்பருக்கை போல ஊதிப்போயிருக்கும். நான் கேட்பதுபோல இருந்துகொண்டு பேப்பர் பார்ப்பேன். அப்படி அரைக்காதில் விழுந்ததுதான் போன மாதம் எனக்கு மிஞ்சியிருந்தது.

பியதாசா ஐயாவின் பதக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு எங்கள் நாட்டுக் கடற்படையில் சேர்ந்து, ஓய்வுபெற்று, உட்துறைமுகப் பக்கம் குடியிருக்கும் சிங்களவர். நைந்துபோன பட்டியை மாற்றித்தரச் சொல்லி அதை உங்களிடம் கொண்டுவந்தார். மாற்றிக் கொடுத்தபோது, "என்ட பெட்டியில கிடந்து கறுக்கும். அக்காட கையில இருந்தா மினுங்கும்" என்று திருப்பித் தந்துவிட்டுப் போனார். உங்கள் தட்டில் இங்கிலீசு அரசர்களுக்கு நடுவே இலங்கைப் பதக்கம் அது ஒன்றுதான்.

போன மாதம் சந்தியில் ஏதோ நடந்ததாம். என்ன நடந்தது என்று ஆளுக்கொரு கதை. மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தபோது ஆமிக்காரர் ஒழுங்கையை மறித்துவிட்டு வீடுவீடாக வந்தார்கள். எங்கள் வீட்டில் அரிசிப் பானையைக் கிளறினார்கள், மெத்தையைக் கிழித்தார்கள். பிறகு உங்கள் அலுமாரி. ஒருவன் பதக்கத் தட்டை இழுத்து எடுத்து, சத்தம் போட்டு அதிகாரியைக் கூப்பிட்டான்.

அதிகாரி சின்ன வயதுக்காரர். பழையவற்றை விரலால் ஒதுக்கிவிட்டு அந்த ஒன்றை மட்டும் எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். பிறகு, அக்கா, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைத் திருப்பினார். நீங்கள் திருப்புவது போலவே. அதில் ஒரு சிங்களப் பெயர் இருந்தது.

"இந்த ஆள் எங்க?" என்று கேட்டார்.

உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் அப்படிக் கேட்கவில்லை என்பது உறைத்தது. கொன்று எடுத்தாயா என்று அவர் கேட்காத கேள்விக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறச் சொன்னார்.

முகாமில் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். ஒருவரும் என்னை அடிக்கவில்லை. பக்கத்து அறையில் யாரையோ அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றபோதெல்லாம் அடுத்தது நான் என்று நினைத்தேன். சாமியைக் கும்பிடப் பார்த்தேன், ஒரு தேவாரமும் வாயில் வரவில்லை. உங்களோடு கோபித்தேன். தங்கம் சேர்த்திருக்கலாமே, தபால் முத்திரை சேர்த்திருக்கலாமே என்று செத்துப்போன உங்களோடு சண்டை பிடித்தேன்.

மங்களம் தனியாக உட்துறைமுகப் பக்கம் போயிருக்கிறாள். அங்கே போகவே ஆட்கள் பயப்பட்ட நாள் அது. வாசலில் நின்றவளைப் பியதாசா ஐயாவின் மனைவிதான் உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாராம். விஷயத்தைக் கேட்ட பியதாசா ஐயா வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பொத்தான் பூட்டத் தொடங்க, மனைவி அவர் கையைப் பிடித்துச் சிங்களத்தில் அழுதாராம். என்ன சொல்லி அழுதார் என்று மங்களத்துக்கு விளங்கவில்லை. விளங்காமலா போகும்?

பொழுது சாயும் நேரம் அவர் முகாமுக்குள் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அதிகாரி பதக்கத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு எதையோ கேட்டார். பியதாசா ஐயா குதிகால்களைச் சேர்த்து, கிழட்டு நெஞ்சை நிமிர்த்தி, தன் எண்ணைச் சொன்னார். பிறகு பெயரைச் சொன்னார். அதிகாரி கையை விரித்து விளிம்பைப் படித்தார்.

என்னைப் போகச் சொன்னார்கள். தட்டையும் தந்தார்கள். அந்தப் பதக்கத்தை மட்டும் அதிகாரி அவர் கையில் வைத்தார்.

முகாமின் படலைக் கதவுக்கு வெளியே வந்து அவருடைய கையைப் பிடிக்கப் போனேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டார்.

"மல்லி, கொஞ்ச நாளைக்கு எங்கட வீட்டுப் பக்கம் வராதீங்க. நானும் வரமாட்டன். எல்லாரும் பாக்கிறாங்க." கொஞ்சம் நடந்தவர் நின்று, "அக்கா நல்ல மனிசி" என்றார். அவ்வளவுதான். இருவரும் ஒரே வீதியில், ஆளுக்கொரு கரையாக நடந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் தட்டைக் கிணற்றுக்குள் போடப்போனேன். மங்களம் மறித்தாள். இத்தனை வருடமும் இந்தச் சாமான்களைத் திட்டிய அதே மங்களம்தான். "எறிஞ்சா நாங்கள் களவெடுத்த மாதிரியெல்லோ ஆகும். இருந்த இடத்திலயே இருக்கட்டும்" என்றாள். ஓம், அவை இப்போதும் அலுமாரியிலேதான் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் அவற்றைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இப்போது வேறு கதை வருகிறது. அவர் வீட்டுக் கூரைக்கு யாரோ கல்லெறிந்தார்களாம். தமிழனுக்காக முகாமுக்குப் போனவன் என்று அந்த ஒழுங்கைக்காரர் அவரோடு கதைப்பதில்லையாம். சந்தையில் அவர் மனைவியைக் கண்ட மங்களம் சிரித்திருக்கிறாள். அந்த அம்மா குனிந்தபடி விலகிப் போய்விட்டாராம். அவர் வராதீங்க என்று சொன்னது தன்னைக் காக்கவா, என்னைக் காக்கவா? நான் போனால் அவருக்கு இன்னும் கெடுதலா? போகாவிட்டால் நான் யார்? உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

நீங்கள் இருந்திருந்தால் யோசித்திருக்க மாட்டீர்கள், போயிருப்பீர்கள் என்று தெரியும். எனக்கு அந்தத் துணிவு இல்லை. ஆனாலும் இதை வாசிக்கிறவர்கள் முன்னால் சொல்லிவிடுகிறேன், பிறகு பின்வாங்க ஏலாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், நானும் மங்களமும் உட்துறைமுகப் பக்கம் போவோம். அவர் படலையடியில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஐயா" என்று கூப்பிடுவேன். திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன்.

உங்கள் பயந்தாங்கொள்ளித் தம்பி,
சின்னராசா