நாலாவது கிளிப்

2025 ஜூன் 15, ஞாயிறு, காலை 9.20

பதிவுகள் மொத்தம் 118, நேற்றைய சுங்கை சிப்புட் நிகழ்ச்சியையும் சேர்த்து. லம்பம் இசைக்குழு மேடையேறிய ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் ரெக்கார்டரோடு நின்றவன் நான் ஒருவன்தான். முதல் 81-இல் உருமி அடித்தது சுகு. மீதி 37-இல் கோகிலன்.

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

'குட்டை' பாட்டு. பாட்டு என்று சொல்வதே தப்பு. நாலு வரி பாடுவார்கள், பிறகு இருபது நிமிடம் அது எங்கே போகும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது. ஒவ்வோர் ஊரிலும் வேறு மாதிரி வரும். அதற்காகத்தான் கூட்டம் வருகிறது. பதினோராவது நிமிடத்தில், குழுவை நடத்தும் ஜெயபாலன் அண்ணன் கிட்டாரை நிறுத்தி உருமிக்கு இடம் விட்டார். கோகிலன் ஆரம்பித்து அரை நிமிடம் ஆகியிருக்காது. முன்வரிசையிலிருந்து, "சுகு! சுகு! சுகு!"

சுகு என் அண்ணன். சுகுமாரன். வேலைக்கு மோட்டாரில் போகும்போது கோப்பெங் சாலையில் செத்துப்போனார். அடுத்த மாதம் இரண்டு வருடம்.

செத்தவர் பெயரைக் கத்தி, உயிரோடு இருப்பவனை மேடையிலிருந்து இறக்கப் பார்க்கிறார்கள். கோகிலனுக்கு 22 வயது. பாகான் டத்தோவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். தலையைத் தூக்காமலே அடித்து முடித்தான். கைதட்டல் கிட்டாருக்குத்தான் கிடைத்தது.

ஜூன் 17

போனில் உள்ள ரசிகர் குழுவில் தனேஷ் எழுதியது: "ஆள் மாறலாம். அடி மாறலாமா?" அதற்குக் கீழே எழுபது இதயம். முட்டாள்கள்.

ஜூன் 20, வெள்ளி

வேலை முடிந்து இப்ராஹிம் பாய் கடையில் தனேஷைப் பிடித்தேன். ரொட்டி வருவதற்குள் சண்டை.

"நீ அவருக்குத் தம்பிடா மச்சான், ஒனக்கே அந்தப் பையன் அடிக்கிறது புடிக்குதா?"

"புடிக்குதா இல்லையாங்கறது வேற. வித்தியாசம் தெரியும்னு சொல்றீங்களே, அதுதான் பொய். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா தெரியாது."

"தெரியாதா? டே, லூமுட் 2019! சுகு அண்ணன் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாருல்ல, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சுலா. அத ஒலகத்துல எவன் அடிச்சாலும் கண்டுபுடிப்பேன்."

"சரி. நிரூபி."

"தோத்தா மொட்ட போடுறேன்."

"ஒனக்கு முன்மண்டைல ஏற்கெனவே பாதி முடி போயிருச்சு."

பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பேரும் வெளிய போய்க் கத்துங்க, இங்க மத்தவங்க சாப்புடணும்."

ஜூன் 22, ஞாயிறு

சோதனையை இப்படி அமைத்தேன். உருமி மட்டும் ஒலிக்கும் இடங்களை எல்லாப் பதிவுகளிலிருந்தும் ஒரு கணினி நிரல் வெட்டி எடுக்கும். அதிலிருந்து ஆறு கிளிப்களை அதுவே பொறுக்கும், ஒவ்வொன்றும் நாற்பது நொடி. சத்த அளவு ஒன்றே. கூட்டத்தின் கத்தல் இல்லை. ரசிகர் குழுவில் போடுவேன், ஒவ்வொன்றும் சுகுவா கோகிலனா என்று கேட்டு வாக்களிக்க வேண்டும். எது யாருடையது என்பது வாக்கு முடியும்வரை எனக்கும் தெரியாது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கணினிச் சிப்பைச் சோதிக்கும்போதும் இதுதான் முறை. சோதிப்பவனுக்கு விடை தெரிந்தால் அது சோதனையே இல்லை.

முதல் வாக்கு என்னுடையது. எனக்கு ஓர் அடையாளம் தெரியும். அண்ணன் வளைகுச்சியால் தோலைத் தேய்த்து அந்த முனகலை எழுப்புவார் இல்லையா, அதை அடுத்து விழும் வலது கை அடி முப்பது மில்லிசெகண்டு தாமதமாக வரும். நூல் அளவு. விழாமல் போய்விடுமோ என்று நெஞ்சு பதறும் நேரத்தில் விழும். நாலாவது கிளிப்பில் அது அப்படியே இருக்கிறது. யோசிக்கவே இல்லை. சுகு.

ஜூன் 25

கிளிப்களை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் இருந்தார். நாலாவது ஓடும்போது தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுகுதானே?"

"தெரியாதும்மா. அதுதான் சோதனை."

"என்ன தெரியாது. அவந்தான். இன்னொரு தடவ போடு."

ஐந்து தடவை போட்டேன். அம்மா அழவில்லை. தலையைச் சாய்த்து, அடுத்த அறையில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டார். பிறகு தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார்.

அம்மாவின் வாக்கையும் கணக்கில் சேர்த்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வாக்களித்தவர்கள் 57 பேர். விடையைத் திறந்தேன்.

நாலாவது கிளிப்பை 49 பேர் சுகு என்றிருக்கிறார்கள். தனேஷ் "நூறு விழுக்காடு சுகு அண்ணன், சவால்" என்று எழுதியிருந்தான்.

கோகிலன். போன நவம்பர், தஞ்சோங் ரம்புத்தான் கோயில் மண்டபம்.

அந்த 49-இல் அம்மா ஒருவர். நான் ஒருவன்.

நிரலில் பிழை இருக்கும் என்று மூன்று முறை சரிபார்த்தேன். பிழை இல்லை. கட்டில் சட்டத்தில் விரலால் தட்டித் தட்டிப் பத்து வருடம் என்னைத் தூங்கவிடாத கை அண்ணனுடையது. அந்தக் கை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரே அறையில் படுத்தவன்டா நான். அப்படியென்றால் இத்தனை நாளாக எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்? முப்பது மில்லிசெகண்டையா?

அம்மா காலையில் சாமி விளக்கு ஏற்றும்போது அந்தக் கிளிப்பைப் போட ஆரம்பித்திருக்கிறார். இன்றும் போட்டார். அது கோகிலன் என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 30

முடிவைக் குழுவில் போட்டேன். ஒரு வரிதான்: "நீங்கள் கும்பிடுவது கோகிலனை. இனிமேல் அவன் வாசிக்கும்போது வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்."

வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். பிறகு தனேஷ் எழுதினான்: "எனக்குப் புல்லரிக்குது. சுகு அண்ணன் அவன் கையில எறங்கிட்டாரு."

அவ்வளவுதான். வரிசையாக நூறு கும்பிடும் கைகள். "எறங்கிட்டாரு." "அண்ணன் நம்மள விட்டுப் போகல."

நான் கொடுத்தது தரவு. அதைச் சாமியாக்கிவிட்டார்கள். மொட்டை போடுவதைப் பற்றி எவனும் பேசவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று லூமுட் கடற்கரை. நம்ப முடியாவிட்டாலும் கண்ணால் பார்த்தேன். மேடையோரம் அண்ணன் படம், மாலை. 'குட்டை' தொடங்குவதற்கு முன் ஒருவன் உருமிக்குத் திருநீறு பூசினான். இன்னொருவன் தட்டில் கற்பூரம் கொண்டுவந்து கோகிலனுக்குக் காட்டினான். கோகிலன் ஜெயபாலன் அண்ணனைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அவருக்கு இப்போது மூன்று ஊரிலிருந்து அழைப்பு.

அம்மாவும் வந்திருந்தார். அண்ணன் போனபிறகு முதல் தடவை. தனேஷ்தான் காரில் கூட்டிவந்திருக்கிறான், எனக்குச் சொல்லாமல்.

கோகிலன் அடித்தான். இழுப்பு, தாமதம், எல்லாம் அச்சு அசல். ஒரு இடத்தில்கூட அவன் இல்லை. பெரிய ஆம்பளைகள் மணலில் உட்கார்ந்து அழுதார்கள். முடிந்ததும் அம்மா மேடையேறி அவன் கன்னத்தைத் தொட்டார். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு அண்ணனுக்குத் திதி, வீட்டுக்கு வந்து படத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

119. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதிப் பதிவு வீண்.

ஜூலை 9, புதன்

சிலிபினில் இசைக்குழுவின் பயிற்சி நடக்கும் கடைமாடி. மற்றவர்கள் வருவதற்கு முன்பே போனேன். கோகிலன் படியில் உட்கார்ந்திருந்தான்.

"யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"ஒங்ககிட்டதாண்ணே."

"எங்கிட்டயா?"

"நீங்க நெட்ல போட்ட ரெக்கார்டிங்தான். லோரில கேப்பேன், ஸ்பீட பாதியாக் கொறச்சு. லூமுட் 2019 மட்டும் எத்தன தடவன்னு எனக்கே தெரியாதுலா."

"அந்த லேட்டு?"

"அதுதாண்ணே கஷ்டம். ஆறு மாசம் ஆச்சு. அவரு ஏன் அப்படி அடிச்சாருன்னு இன்னும் புரியல."

சொன்னேன். அண்ணன் பதினெட்டு வயதில் பந்து விளையாடி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்து, சரியாகக் கூடவில்லை. குச்சி திரும்பி வர நேரமாகும். அது பாணி இல்லை. வலி.

கோகிலன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். "எங் கை நல்லாத்தாண்ணே இருக்கு."

அவனே தொடர்ந்தான். "ஒங்க சோதனைல ரெண்டாவது கிளிப் இருக்குல்ல? அதுல நா என் இஷ்டத்துக்கு அடிச்சேன். எல்லாரும் கரெக்டா கோகிலன்னு சொன்னாங்க. எப்படிக் கண்டுபுடிச்சோம்னும் எழுதியிருந்தாங்க, 'கேக்க முடியல'ன்னு."

"அப்ப அப்படியே அடி. வர்றவன் வரட்டும், போறவன் போகட்டும்."

"திதி அன்னைக்கு ஒங்கம்மா முன்னாடியாண்ணே?"

ஜூலை 10

ரெண்டாவது கிளிப்பை மறுபடி கேட்டேன். நேராக, அவசரமாக, ஏதோ இளமரத்தை முறிப்பதுபோல் அடிக்கிறான். முதல் தடவை ஏன் கேட்கவில்லை? அண்ணன் இல்லை என்று தெரிந்ததும் அடுத்ததற்குப் போய்விட்டேன். நானும் தனேஷும் ஒன்றுதான்.

ஜூலை 20, ஞாயிறு

திதி.

அண்ணன் படத்துக்கு முன்னால் வாழையிலை. கோழிப் பெரட்டல், நெத்திலிச் சம்பல், ஒரு கேன் கறுப்பு பீர். கோகிலன் வந்தான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. வாசித்தான். வீடு சின்னது, உருமி சத்தம் நெஞ்சில் வந்து மோதுகிறது. நாற்பது பேர் இருந்தார்கள், வாசலிலும் சாலையிலுமாக. அம்மா கண்ணை மூடியிருந்தார்.

முடிந்ததும் அம்மா அவன் கையைப் பிடித்து அந்த இலைக்கு முன்னால் உட்காரவைத்தார். படைத்த இலைக்கு முன்னால்.

"சாப்புடுய்யா. எல்லாம் ஒனக்குப் புடிச்சதுதான்."

அவன் சோற்றில் கைவைத்தான். அவனுக்கு நெத்திலி ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் பிசைந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, கத்திட்டேன்.

"அம்மா, அவன் கோகிலன்! ஒங்க போன்ல இருக்கறதும் அவன் அடிச்சதுதான். யாரும் எறங்கல. நா போட்ட ரெக்கார்டிங்கக் கேட்டு மனப்பாடம் பண்ணிருக்கான். அண்ணன் செத்துட்டாரும்மா!"

தனேஷ் என் தோளைப் பிடித்தான், உதறினேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. களைப்பு மட்டும்.

"அவன் செத்தது எனக்குத் தெரியாதாடா? மூஞ்சியத் தொடச்சி அனுப்புனது நான். இந்தப் புள்ள யாருன்னும் தெரியும். ஒரு நாளு கேட்டுக்கிறேன்னு இருந்தேன். ஒரே ஒரு நாளு. அதுல ஒனக்கு என்னடா நட்டம்?"

கோகிலன் சோற்றை இலையில் வைத்துவிட்டு எழுந்தான். குழாயடியில் கைகழுவினான். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். உருமியை எடுக்க மறந்துவிட்டான். தனேஷ் ஓடிப்போய்க் கொடுத்தான்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அப்புறம் ஏன்?

ஜூலை 23

கோகிலன் விலகிவிட்டான். ஜெயபாலன் அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். எனக்கும் போட்டுக்காட்டினார். "மன்னிச்சுக்குங்கண்ணே. சுகு அண்ணன் மாதிரி அடிக்க இனிமே கை வரல. என் மாதிரி அடிக்கலாம்னா, அது எப்படின்னு மறந்துருச்சு. ஞாபகம் வந்தா வாரேன்."

ஜெயபாலன் அண்ணன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கியாடா?" என்று என்னைக் கேட்டார். இந்த இரண்டு வருடத்தில் அவர் இதைக் கேட்டது இன்றுதான்.

ஆகஸ்டு 3

அம்மா விளக்கு ஏற்றுகிறார். அந்தக் கிளிப்பைப் போடவில்லை.

ஆகஸ்டு 31, ஞாயிறு

ஈப்போவில் லம்பம். தைப்பிங்கிலிருந்து புது உருமிக்காரர், முப்பது வயது, அடி சுத்தம். நான் போகவில்லை. குழுவில் படித்தேன். தனேஷ்: "நல்லாத்தான் அடிக்கிறாரு. ஆனா கோகி அடிச்ச மாதிரி வருமா? அந்த லூமுட்! 'குட்டை'ன்னா அது கோகி காலந்தான்." எழுபத்து மூன்று இதயம்.

சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் சிரித்தேன். அப்புறம் சிரிப்பாக இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

போன் மெதுவாக ஓடுகிறது என்று அம்மா சரிபார்க்கக் கொடுத்தார். அந்தக் கிளிப்பைக் காணவில்லை. கேட்டேன்.

"அதுவா? அது அந்தப் புள்ளையோடதுதானே. நான் எதுக்கு வச்சிருக்கணும்."

"அண்ணனோடது நெறைய இருக்கும்மா. நெசமாவே அவரோடது. போட்டுத் தரவா?"

வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தார்.

"வேணாம்ய்யா. நீ இது அவந்தான்னு சொல்லிக் குடுப்ப, நானும் சரிம்பேன். முன்ன மாதிரி, கேட்டதும் இது அவந்தான்னு எனக்கே தெரியாதுல்ல."

வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நான் போனை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை:

1. ரசிகர் குழுவிலிருந்து விலகுவது. காரணம் எழுதக் கூடாது. எழுதினால் அதற்கும் இதயம் போடுவார்கள்.

2. இந்தச் சனிக்கிழமை பாகான் டத்தோ கோயிலில் கோகிலன் உள்ளூர்ப் பையன்களோடு அடிக்கிறானாம். போவது. பின்னால் நிற்பது. அளக்க எதையும் எடுத்துப் போகாமல். பிடிக்காவிட்டாலும் முடியும்வரை கேட்பது.

3. அண்ணனின் 81 பதிவுகளையும் முதலிலிருந்து கேட்பது, உருமிக்காக இல்லை. இரண்டு பாட்டுக்கு நடுவில் எங்காவது அவர் பேசியிருப்பார். தண்ணி கேட்டிருப்பார், மைக் செட்காரனைத் திட்டியிருப்பார், எவனையோ பார்த்துச் சிரித்திருப்பார். அதை மட்டும் வெட்டி எடுத்து, அம்மா கேட்கும்போது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது.