அரியணைக்குள் குடிபுகுந்த அரசி

வயிரநாட்டைத் தாங்கும் தோளும் பகைவரின் நிழலையும் நடுங்கவைக்கும் வாளும் உடைய கோமகன் கொற்றங்குழையர், தென்னெல்லை வேட்டைப் பாசறையில் நலமே வீற்றிருக்க. மழை அளவாகவும் மான் நிறையவும் வாய்க்க. தலைநகரிலிருந்து அடியேன் அமைச்சன் நக்கன் வேளான், ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு மறுகையால் எழுதும் ஓலை.

அரியணையின் கீழ் நாள்தோறும் மரத்தூள் குவிவதைக் கண்டு, அதைச் செய்த பெருந்தச்சன் குன்றன் உளுத்த பலகையைச் சேர்த்துவிட்டான் எனச் சினந்து அவனைச் சிறையிலிட்டு, அரியணை அழியக் காரணமானவர் எவராயினும் வரும் முழுநிலா நாளில் வலக்கையை இழப்பார், விசாரித்து நிறைவேற்றுக என்று கட்டளையிட்டு வேட்டைக்கு எழுந்தருளினீர்கள். விசாரித்தேன். விசாரிக்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பக்கப் பலகையைக் கழற்றியபோது உள்ளே கட்டெறும்புகள் ஒரு நகரமே வைத்திருந்தன. வாயிலில் பெருந்தலை வீரர்கள். உள்ளே மரத்தைக் குடைந்து தூளை வெளியே தள்ளும் ஏவலர். ஒன்றன் வாயிலிருந்து மற்றொன்று உணவு வாங்கும் வரிசை. நடுவே, தன் சிறகுகளைத் தானே உதிர்த்துவிட்டு முட்டையிடுவதையே ஆட்சியாகக் கொண்ட ஓர் அரசி. நம் அவையைப் போலவே இருந்தது. எல்லாரும் வேலை செய்தார்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

படைத்தலைவர் கடம்பர் இதனைப் படையெடுப்பு என அறிவித்து, போர்முறை வழுவாது மும்முறை முரசறைந்தார். உள்ளிருந்தவை தங்கள் உடலை மரத்தில் தட்டி ஒலியெழுப்பின. “பதில் முரசு கொட்டுறாங்கய்யா. முறை தெரிஞ்ச பகை,” என்று மகிழ்ந்து கையை உள்ளே விட்டார். ஒரு வீரன் கடித்து, வயிற்றை வளைத்து, கடிவாயிலேயே அமிலத்தைப் பீய்ச்சினான். படைத்தலைவர் இப்போது விரலை நீரில் ஊறவைத்தபடி, சமாதானமே நாட்டுக்கு நல்லது என்கிறார். அரியணையில் அரசி ஒருவர் இருப்பதால் கடந்து செல்கையில் வணங்குவதா வேண்டாமா என்று வாயிற்காவலர் கேட்கிறார்கள். நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் குன்றனையே சிறையிலிருந்து அழைத்துக் காட்டினேன். அவன் மரத்தைத் தடவி, முகர்ந்து, சொன்னது இது: “ஐயா, இதுங்க மரத்தைத் தின்னாது. தின்னா, தூளை ஏன் வெளியே கொட்டுது? குடியிருக்க வீடு குடையுது. காய்ஞ்சு இறுகின வயிரக் கட்டையை விட்டுட்டு, ஈரத்துல ஊறி நைஞ்ச இடமாப் பார்த்துத்தான் வரும். எவனோ என் ஆசனத்துல தண்ணி ஊத்தியிருக்கான்.”

‘எவனோ’ என்றதை நான் கண்டிக்கவில்லை. அது யாரென்று அப்போது எனக்கும் விளங்கவில்லை. பிறகு பார்த்தால் ஈரம் இருந்தது வலக்கைப்பிடியின் அடியில். அமாவாசைதோறும் முன்னோரின் சினம் தணிய, ஆசனம் குளிர்த்தல் என்று அவ்விடத்தில் செம்பு செம்பாகத் தேன்நீர் வார்க்கப்படுகிறது. எறும்புக்கு ஈரமும் ஆயிற்று, விருந்தும் ஆயிற்று. அச்செம்பை ஒருவரைத் தவிர வேறெவரும் தொடலாகாது என்பது தங்கள் கட்டளை. அந்த ஒருவர் வார்ப்பது வலக்கையால்.

எனவே எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தவரையில், புரியாதிருப்பதே நலம். முழுநிலாவுக்கு ஒரு வலக்கை தந்தாக வேண்டும். குன்றனுடையதில் குற்றமில்லை. மற்றொன்றின் பெயரை எழுத எழுத்தாணி மறுக்கிறது.

குன்றனின் விலங்கைக் கழற்றி என் இல்லத்தில் இருத்தியுள்ளேன். அவன் சொற்படி ஆசனத்தை வெயிலில் வைத்திருக்கிறோம். ஈரம் வற்றினால் அரசியார் வேறிடம் பார்ப்பாராம். அரச கட்டளையை மாற்ற, அரசர் தம் வலக்கையால் எழுதிய மாற்றோலையே செல்லும் என்பது நம் சட்டம். ஆதலின் முழுநிலாவுக்கு முன்னரே, எழுதுவதற்கு அக்கை இருக்கும்போதே, மாற்றோலை எழுதியருள வேண்டுகிறேன்.

அரக்கிட்டு, அமைச்சு முத்திரை பதித்தேன். இதனைக் கொண்டுவரும் குதிரைவீரன் வழியில் எங்கும் இறங்கலாகாது என்பது ஆணை.

தங்கள் இரு கைகளும் நீடு வாழ்க.