வாபஸ் என்று போட்டிருந்தது

8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கமிருந்து காற்று, காய்ச்சிய இரும்பு வாசனை. ஜன்னலைச் சாத்தினால் வியர்வை, திறந்தால் இருமல்.

இன்று: கஸ்தூரி அக்கா வீடியோவுக்கு இரண்டு வரி. அக்காவுக்காக நான் நடத்தும் இணையப் பக்கத்தின் முகப்புப் படம் மாற்ற. தலைவலி மாத்திரை. நூலகப் புத்தகம் (மறுபடி மறந்தாயிற்று).

அக்காவின் வேட்புமனு ஏற்கப்பட்டுவிட்டது. ஊராட்சித் தலைவர் பதவி, பெண்களுக்கு ஒதுக்கிய இடம். அக்காவுக்குக் கட்சி எதுவும் இல்லை. வேலை, எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில். எதிரில் நிற்பது தண்ணீர் லாரி ஏகாம்பரத்தின் மனைவி. போஸ்டரில் அந்த அம்மாள் உள்ளங்கை அளவு. ஏகாம்பரம் ஆள் உயரம், கைகூப்பி. பெண்களுக்கான பதவிக்கு அவர் கும்பிடுகிறார். அந்த அம்மாளின் பெயரையே போஸ்டரைப் பார்த்துத்தான் ஊர் தெரிந்துகொண்டது. குரலை இன்னும் யாரும் கேட்கவில்லை.

நம் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஊராட்சி போர்வெல்லில் லாரி நிரப்பக் கூடாது. அவர் லாரிகள் விடியற்காலையிலிருந்து நிரம்பிக் கம்பெனிகளுக்குப் போகின்றன. தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் நூல் மாதிரி.

அக்கா காலிக் குடத்தோடு நின்று பேசிய வீடியோ. "எங்க ஊரு தண்ணிய மொதல்ல எங்களுக்கு ஊத்து. அப்பால கம்பெனிக்கு ஊத்து." அவ்வளவுதான். பொன்னேரி வரை பகிர்ந்திருக்கிறார்கள்.

கீழே வந்த கருத்துகள் சில:
"இந்தம்மா புருஷன் எங்க?"
"ஊட்ல சோறு ஆக்கிட்டுதான் வந்துச்சா கேளுங்க."
"லிப்ஸ்டிக் போட்டா தண்ணி வருமா." (அக்கா போடவில்லை. போட்டால்தான் என்ன?)

எழுதியவர்கள் எல்லோருடைய முகப்பிலும் சாமி படம்.

9, செவ்வாய்

நேற்றிரவிலிருந்து ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. அக்கா ஏகாம்பரத்திடம் சமரசம் ஆகிவிட்டாளாம். பேசுபவன் யார் என்று தெரியாது. அண்ணாச்சி கடையில் கூடக் கேட்டார்கள்.

பதிலாகப் பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதி ஒட்டினேன்: "நம் பக்கத்தில் வருவது மட்டுமே உண்மை. வேறு எதையும் நம்பாதீர்கள்." எழுதியபோது திருப்தி. சுருக்கமான, உறுதியான வரி.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த அக்காவோடு வீடு வீடாக. ஒவ்வொருவர் ஃபோனிலும் பக்கத்தைத் திறந்து, பின்தொடர வைத்து, அந்த வரியைக் காட்டி, அக்கா வாயாலும் சொன்னாள். "இதுல வந்தா நம்பு. வேற எதுல வந்தாலும் நம்பாத, இன்னா?" எல்லோரும் தலையாட்டினார்கள். நம் தெருக்காரி மல்லிகா அத்தை மட்டும், "ஏன்டி, நீயே வந்து சொன்னா?" "நானே வந்து சொன்னாலும் இதப் பாத்துக்கோ" என்றாள் அக்கா. சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அக்கா வீட்டில் டில்லி மாமா, அவள் கணவர், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்தின் லாரிதான் ஓட்டுகிறார். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்க ரெண்டு பேர் ஆட்டத்துல என் வண்டி சாவி பூடும்." அக்கா: "பூனா பூது. அந்தத் தண்ணி நம்ம ஊரு தண்ணிதான, அதத்தான ஓட்டிகினு கீற?" மாமா இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.

பக்கத்தைத் தொடங்கியபோது கொடுத்த எண் மாமாவுடையது. வீட்டில் நல்ல ஃபோன் அவருடையதுதான். அக்காவிடம் இருப்பது பட்டன் ஃபோன், கம்பெனி கேட்டில் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே போக வேண்டும். சிம் எல்லாம் அவர் பெயரில். "நம்ம ஊட்டு நம்பர்தான், போடு பாப்பா" என்று அவரே சொன்னார். அன்று அது ஆதரவு போல் இருந்தது.

11, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மனு வாபஸ் வாங்க இன்றே கடைசி. மூன்று மணி வரை. அதன் பிறகு சின்னம். அக்கா அரை நாள் வேலைக்குப் போயிருந்தாள்.

காலை நாஷ்டா முடித்து ஃபோனை எடுத்தால், நம் பக்கத்தில் ஒரு பதிவு. நான் எழுதாதது. அக்கா, மாமா கல்யாணப் படம். கீழே: "குடும்ப நலன் கருதி, நான் போட்டியிலிருந்து வாபஸ் பெறுகிறேன். அண்ணன் ஏகாம்பரம் அவர்களுக்கு முழு ஆதரவு. இப்படிக்கு, கஸ்தூரி."

நீக்கப் போனேன். உள்ளே விடவில்லை. கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது. புதிதாக வாங்க ஆறு இலக்க எண் அனுப்புகிறேன் என்றது. யாருக்கு? மாமாவுக்கு.

குடும்ப நலன் கருதி. இந்த நாட்டில் ஒரு பெண்ணை எதிலிருந்தாவது விலக்க இந்த மூன்று சொற்கள் போதும். படிப்பு, வேலை, இப்போது தேர்தல். எழுதியவன் யோசிக்கவே வேண்டாம், விரல் தானாக அடித்துவிடும்.

ஷேர் ஆட்டோவில் கம்பெனி கேட். செக்யூரிட்டி: "இன்னாம்மா, யாரு வோணும்? கேன்டீன் கஸ்தூரியா? அதான் வாபஸ் வாங்கிடுச்சாமே, இன்னும் இன்னா?" அவர் ஃபோனிலும் நம் பக்கம். நான்தான் போன வாரம் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா சாம்பார் வாசனையோடு வெளியே வந்தாள். படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஒன்றிய அலுவலகம். ஏகாம்பரம் பெஞ்சில், டில்லி மாமா அவர் பக்கத்தில். மாமா மடியில் வாபஸ் படிவம், நிரப்பி, கையெழுத்து மட்டும் பாக்கி.

ஏகாம்பரம்: "வாம்மா வா. ஒரே ஒரு கையெழுத்து. முடிச்சிட்டு அப்டியே எல்லாரும் துன்னப் போலாம்."

அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. "யோவ், நான் எப்பய்யா வாபஸ்னு சொன்னேன்?"

மாமா தரையைப் பார்த்து, "அவுரு போடச் சொன்னாரு. போட்டேன். வண்டிய வுட்டா எனக்கு இன்னா தெரியும்?"

"அப்போ நீயே கையெழுத்தும் போடு. பொடவ கட்டிக்கினு வந்து போடு."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

மூன்று மணி வரை அக்கா அந்த வராந்தாவில் நின்றாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கையெழுத்துப் போடவில்லை. சின்னம்: மூக்குக் கண்ணாடி. "நான் கண்ணாடியே போட்டதில்லயே" என்றாள். இன்று முழுவதும் அவள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

12, வெள்ளி

வெயில். தண்ணீர் வரும் நாள்.

குழாயடி. அக்கா குடத்தோடு வரிசையில். மூக்குக் கண்ணாடிக்கு ஓட்டுக் கேட்டாள். மல்லிகா அத்தை: "நீதான் வாபஸ் வாங்கிட்டியேடி."

"வாங்கல அத்த. தோ, உன் எதுர்ல நிக்கிறேன்."

"இல்லியே. உன் பேஜ்லியே போட்டுகீதே."

ஃபோனை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். அத்தைக்குக் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. உண்மையாகவே குழம்பியிருக்கிறாள். எதிரே வியர்த்துக்கொண்டு ஒரு உடம்பு நிற்கிறது. கையில் ஒரு பதிவு ஒளிர்கிறது. பதிவு ஜெயித்துவிட்டது. அதற்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன்.

அந்த இணையதள நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். அடுத்த நிமிடமே பதில்: பரிசீலித்தோம், எங்கள் விதிகளை இந்தப் பதிவு மீறவில்லை. யார் பரிசீலித்தது? எங்கள் கும்மிடிப்பூண்டி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியுமா அதற்கு? கெட்ட வார்த்தை ஒன்று பேசியிருந்தால் நீக்கியிருப்பார்கள். ஒரு பெண்ணின் பெயரில் இன்னொருவன் கையெழுத்திட்டால் அது மீறல் இல்லை.

புதுப் பக்கம் தொடங்கினேன். முதல் கருத்து: "டூப்ளிகேட்டு. நம் பக்கத்தில் வருவது மட்டுமே உண்மை." என் வரி, நான் வைத்த முற்றுப்புள்ளியோடு.

13, சனி

ஜுரம் போல. சாப்பிடவில்லை.

பழைய பக்கத்தில் "கடவுச்சொல் மறந்துவிட்டதா" என்பதை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். பயன் இல்லை என்று தெரியும். ஒவ்வொரு தடவையும் மாமாவின் சட்டைப் பையில் ஆறு இலக்கம் போய் விழும். கல் எறிவது போல. விழட்டும்.

ரயில்வே ஸ்டேஷன் எதிர் டீக்கடையில் மாமாவே பிடித்துக்கொண்டார். "இன்னா பாப்பா, வண்டி ஓட்றப்ப கூட நம்பரு நம்பரா வந்துகினே கீது. பேஜாரா பூட்ச்சி."

"அப்போ அந்த நம்பரைக் கொடுங்க மாமா."

"குட்த்தா அவுரு உடுவாரா? ரெண்டு புள்ளிங்க ஸ்கூல்ல படிக்குது."

"அக்காவுக்கும் அதே ரெண்டு பிள்ளைங்கதானே?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். கோபமாகப் போனாரா, வேறெப்படியோ, முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவரைக் கோழை என்று எழுத வந்தேன். எழுதவில்லை. லாரிச் சாவியைக் காட்டி ஒரு வீட்டையே திருப்பலாம் என்று கண்டுபிடித்தவன் போஸ்டரில் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். கோபத்தை இவர் மேல் செலவழித்துவிட்டால் அவனுக்கு மிச்சம் இருக்காது.

அக்கா வேலை முடிந்து நேரே தெருவுக்கு. பிளாட்பாரக் கடையில் வாங்கிய கண்ணாடி ஃபிரேம், கண்ணாடி இல்லாதது, மூக்கில். ஒவ்வொரு வீட்டிலும் கையை நீட்டுகிறாள். "தொட்டுப் பாரு. வாபஸ் வாங்கினவ மாறியா கீறேன்?" சிலர் தொட்டார்கள். நான் வீடியோ எடுக்கப் போனேன். "ஃபோன உள்ள வை" என்றாள். நான்கு தெரு முடிந்தது. இன்னும் எவ்வளவோ.

14, ஞாயிறு

மேகம். பெய்யாது.

குழாயடி. அக்கா வரிசையில், ஃபிரேமோடு. அவள் முறை வந்து குடத்தை வைத்தாள். நான் சுவரோரம், பழக்க தோஷத்தில் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா'வை மறுபடி அழுத்தினேன்.

ஃபோன் அதிர்ந்தது. மாமா. ஆறு இலக்கம். வேறு ஒரு சொல் இல்லை.

உடனே பின்னால் ஒரு குரல் பதிவு. அழுத்தினேன். ஒலி முழுதாக வைத்திருந்ததை மறந்துவிட்டேன். வரிசை முழுக்கக் கேட்டது.

"பாப்பா, நம்பரு வந்துச்சா? சீக்கிரம் போடு. வண்டி சாவிய அவுரு டேபிள் மேல வெச்சிட்டு வந்துட்டேன். அவகிட்ட சொல்லிடாத. நானே சொல்லிக்கிறேன்."

தண்ணீர் விழும் சத்தம். மல்லிகா அத்தை தன் ஃபோனைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள், கொஞ்ச நேரம்.

அக்கா திரும்பவில்லை. ஃபிரேமைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைக்க அதில் என்ன இருக்கிறது?

"அக்கா, வா. நீயே உன் வாயால சொல்லு, போட்டுடலாம். இந்த நம்பர் பத்து நிமிஷம்தான் இருக்கும்."

"இரு. கொடம் ரொம்பட்டும்."

குழாயில் நூல். குடம் இன்னும் பாதி.